டிபிஎஃப் விளக்கு எரிகிறதா? கழற்றும் முன் அறிகுறியைப் படியுங்கள்

டிபிஎஃப், அதாவது டீசல் புகையில் வரும் கரியைப் பிடிக்கும் வடிகட்டி, அடைத்துவிட்டது, கழற்றிச் சுத்தம் செய்து தாருங்கள் என்று வண்டி வரும்போது நான் முதலில் கேட்பது, எதனால் அடைத்தது என்பதைத்தான். புகைப்பாதையில் இருக்கும் பொருட்கள் தாமாகக் கெட்டுப்போவது அரிது. சரியாக எரியாத டீசல், டர்போவில் கசிந்த ஆயில், வழியில் எங்கோ ஓடிப்போன காற்று, எல்லாவற்றின் விளைவும் கடைசியில் வந்து படிகிற இடம் அது. காரணத்தை விட்டுவிட்டு டிபிஎஃப்பை மட்டும் சுத்தம் செய்தால், சில வாரங்களில் அதே விளக்கு மறுபடி எரியும். அதனால்தான் இதை அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்கள் வண்டி எதைக் காட்டுகிறதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம், ஆனால் முதல் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

புகை போகும் வரிசை பெரும்பாலான லாரிகளில் இப்படி இருக்கும். டர்போவைத் தாண்டியதும் டிஓசி என்கிற ஆக்சிடேஷன் கேட்டலிஸ்ட். அடுத்து கரியைப் பிடித்து வைக்கும் டிபிஎஃப். அப்புறம் யூரியா கரைசலான ஆட்புளூவைத் தெளிக்கும் டோசர். கடைசியில் நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கும் எஸ்சிஆர். கார்களில் இந்த வரிசை மாறலாம், டிபிஎஃப் மேலேயே எஸ்சிஆர் பூச்சு இருப்பதும் உண்டு. இடையிடையே வெப்ப சென்சார்கள், ஒரு அழுத்த வேறுபாட்டு சென்சார், முன்னும் பின்னும் நைட்ரஜன் ஆக்சைடை அளக்கும் நாக்ஸ் சென்சார்கள் இருக்கும்.

கை வைப்பதற்கு முன்

ஸ்கேனரை மாட்டியதும் கணினி பதிவு செய்துள்ள பழுதுக் குறியீடுகளை, அதாவது கோடுகளை, அழிக்காதீர்கள். முதலில் எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள்: எந்தக் கோடு, அது பதிவானபோது இன்ஜின் எந்த நிலையில் இருந்தது, கரி அளவு எவ்வளவு, சாம்பல் அளவு எவ்வளவு, கடைசி ரீஜென் (டிபிஎஃப்பைச் சூடாக்கி உள்ளே சேர்ந்த கரியை எரிப்பது) எப்போது முடிந்தது, இடையில் எத்தனை ரீஜென் பாதியில் நின்றன. கோடு அழிந்தால் இதில் பாதி விவரம் அதோடு போய்விடும். அதன்பிறகு இருட்டில் தேடுவதுதான்.

சாவியை அணைத்த உடனே பேட்டரியைக் கழற்ற வேண்டாம். குழாயில் மிஞ்சிய ஆட்புளூவை பம்ப் தொட்டிக்கே திரும்ப இழுத்துக்கொள்ள ஓரிரு நிமிடம் எடுக்கும். அதைத் தடுத்தால் குழாயிலும் டோசரிலும் யூரியா காய்ந்து கட்டியாகிவிடும்.

வண்டியை நிறுத்தி வைத்து ரீஜென் செய்வதாக இருந்தால் திறந்த வெளியில், காய்ந்த புல்லோ சருகோ இல்லாத தரையில் செய்யுங்கள். டிபிஎஃப்புக்குள் 600 டிகிரி செல்சியஸ் வரை ஏறும், முனையில் வரும் புகையும் கையைப் பொசுக்கும் சூட்டில்தான் இருக்கும். முடிந்த பிறகும் உலோகம் ஆற நெடுநேரம் ஆகும்.

அறிகுறி: டிபிஎஃப் விளக்கு திரும்பத் திரும்ப எரிகிறது, ரீஜென் அடிக்கடி நடக்கிறது

முதலில் அழுத்த சென்சார் உண்மை பேசுகிறதா என்று பாருங்கள். டிபிஎஃப்புக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்தத்தை இரண்டு சிறிய ஓஸ்கள் வழியாக வாங்கி, வித்தியாசத்தைக் கணினிக்குச் சொல்வது அதுதான். சாவி ஆன், இன்ஜின் ஆஃப். இந்த நிலையில் அது பூஜ்யம் காட்ட வேண்டும். நின்ற இன்ஜினில் ஏதாவது எண் காட்டினால் தவறு சென்சாரில், அல்லது அதன் வயரிங்கில். பூஜ்யம் காட்டினால் இன்ஜினை ஓட விட்டு ஐடிலில் பாருங்கள். சுத்தமான டிபிஎஃப் ஐடிலில் சில மில்லிபார்தான் காட்டும். ஆர்பிஎம்மை ஏற்றும்போது எண்ணும் சீராக ஏற வேண்டும். அசையாமல் நின்றால் ஓஸ் அடைத்திருக்கலாம். மைனஸில் போனால் இரண்டு ஓஸும் இடம் மாறி மாட்டப்பட்டிருக்கும், முன்பு யாரோ கழற்றிய வேலை அது.

ஓஸ்களைக் கழற்றிப் பார்க்கச் சோம்பல்படாதீர்கள். சென்சார் பக்க முனையைக் கழற்றி, இன்ஜின் ஆறிய பிறகு, குறைந்த அழுத்தக் காற்றை டிபிஎஃப் பக்கமாகச் செலுத்துங்கள். கரி கலந்த கறுப்புத் தண்ணீர் வந்தால் அங்கேயே பாதி விடை கிடைத்துவிட்டது. ஓஸை விரலால் மடக்கி, முழு நீளத்துக்கும் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். சூடான உலோகத்தைத் தொட்டு உருகிய இடத்தில் ஊசி நுழையும் அளவு ஓட்டை இருந்தாலே எண் கெட்டுவிடும். சென்சார் ஓஸுக்குள் காற்றடிக்கும்போது சென்சார் கழன்றிருக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

சென்சார் சரி, அடைப்பு உண்மைதான் என்றால், அடைத்திருப்பது கரியா சாம்பலா என்று பிரிக்க வேண்டும். இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் பல பேர் வீணாக ரீஜென் செய்துகொண்டே இருக்கிறார்கள். கரி எரியும், சாம்பல் எரியாது. கரி என்பது எரிபொருள் முழுதாக எரியாததால் வருவது. சாம்பல் பெரும்பாலும் இன்ஜின் ஆயிலில் உள்ள கால்சியம், மக்னீசியம், துத்தநாகம் போன்ற சேர்ப்புப் பொருட்களின் மிச்சம். எத்தனை ரீஜென் செய்தாலும் அது உள்ளேயேதான் கிடக்கும். பி2463 என்ற கோடு கரி சேர்ந்ததைச் சொல்கிறது, பி242எஃப் சாம்பல் சேர்ந்ததைச் சொல்கிறது. ரீஜென் முழுதாக முடிந்த பிறகும் அழுத்த வேறுபாடு இறங்காமல் நின்றால், கோடு இல்லாவிட்டாலும் சாம்பலைத்தான் சந்தேகிக்க வேண்டும். அதற்குத் தீர்வு கழற்றிச் சுத்தம் செய்வது, அது கீழே வருகிறது.

கரிதான் என்றால், ஏன் இவ்வளவு கரி? ஓட்டும் முறையிலிருந்து தொடங்குங்கள். நீண்ட நேரம் ஐடிலில் நிற்கும் வண்டி, குறைந்த தூரம் மட்டும் ஓடும் வண்டி, ரீஜென் நடக்கும்போதே அணைக்கப்படும் வண்டி, இவற்றில் டிபிஎஃப் சூடாகவே வாய்ப்பில்லை. 250 முதல் 400 டிகிரி வரை சூடு இருந்தால், டிஓசி உருவாக்கும் நைட்ரஜன் டை ஆக்சைடு கரியை மெல்ல மெல்லத் தானாகவே எரித்துக்கொண்டிருக்கும். அந்தச் சூடே கிடைக்காத வண்டியில் வேறு பழுது தேடுவதற்கு முன் ஓட்டுநரோடு பத்து நிமிடம் உட்கார்ந்து பேசுங்கள்.

ஓட்டும் முறையில் குறை இல்லையென்றால் காற்றுப் பாதைக்குப் போங்கள். மூன்று மாதத்தில் இரண்டு முறை டிபிஎஃப் சுத்தம் செய்யப்பட்ட ஒரு லாரி என்னிடம் வந்தது. புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பி அனுப்பும் இஜிஆர் வால்வு மாற்றியாகிவிட்டது, இன்ஜெக்டர் சோதித்தாகிவிட்டது. ஐடிலில் எதுவும் தெரியவில்லை. டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் கீழ் ஓஸை விரலால் தடவியபோது, கிளாம்புக்கு ஒரு அங்குலம் தள்ளி, தரையைப் பார்த்த பக்கத்தில் ஆயில் பிசுக்கு மட்டும் ஒட்டியது. ஓஸைக் கழற்றி வளைத்தபோதுதான் கிழிசல் வாயைத் திறந்தது. டர்போ அழுத்தம் ஏறும்போது மட்டும் திறந்து, இறங்கியதும் மூடிக்கொள்கிற கிழிசல். சுமையோடு மேடு ஏறும்போது காற்று வெளியே போக, டீசல் மட்டும் அதே அளவு இறங்க, புகை முழுதும் டிபிஎஃப்பில் போய் அடைந்தது. டிபிஎஃப் இல்லாத காலத்தில் இந்தக் கறுப்புப் புகை கண்ணுக்கே தெரிந்திருக்கும். இப்போது வடிகட்டி அதை மறைத்துவிடுகிறது. ஆகவே காற்றுப் பாதையை அடைத்து, அழுத்தம் கொடுத்து, சோப்புத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள்.

அதுவும் சரியாக இருந்தால் இஜிஆர் வால்வு திறந்தபடி சிக்கியிருக்கிறதா, இன்ஜெக்டர் சொட்டுகிறதா, ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா, டர்போவின் வெளிவாயில் ஆயில் ஈரம் இருக்கிறதா என்று இதே வரிசையில் பாருங்கள்.

ஒன்று எச்சரிக்கையாக. கரி அளவு வரம்பைத் தாண்டிவிட்டால் கணினி ரீஜென்னை அனுமதிக்காது. எண்ணை மாற்றி எழுதி அதை ஏமாற்றாதீர்கள். அளவுக்கு மீறிய கரி ஒரே நேரத்தில் பற்றிக்கொண்டால் உள்ளே வெப்பம் 1000 டிகிரியைத் தாண்டும், பீங்கான் விரிசல் விடும் அல்லது உருகும். அந்த நிலையில் கழற்றுவதுதான் வழி.

அறிகுறி: ரீஜென் தொடங்குகிறது, சூடு ஏறுவதில்லை

இன்ஜின் இரவு முழுதும் ஆறிய பிறகு, காலையில் ஓட்டுவதற்கு முன் எல்லா வெப்ப சென்சார்களையும் லைவ் டேட்டாவில் பாருங்கள். எல்லாம் வெளி வெப்பநிலையை ஒட்டியே காட்ட வேண்டும். ஒன்று மட்டும் தனித்து நின்றால் அதை முதலில் மாற்றுங்கள்.

அப்புறம் ரீஜென்னைத் தொடங்கி, டிஓசிக்கு முன்னும் பின்னும் உள்ள வெப்பத்தை ஒப்பிடுங்கள். ரீஜென்னில் கூடுதல் டீசலை டிஓசிதான் எரித்துச் சூடாக்குகிறது. உள்ளே 280 டிகிரி போனால் வெளியே 550, 600 என்று வர வேண்டும். உள்ளேயே 250ஐ எட்டவில்லை என்றால் டிஓசியைக் குறை சொல்ல முடியாது. த்ராட்டில் வால்வு மூடுகிறதா, தெர்மோஸ்டாட் திறந்தே நின்று இன்ஜின் குளிர்ந்து ஓடுகிறதா என்று பாருங்கள். உள்ளே சூடு இருந்தும் வெளியே ஏறவில்லை என்றால் இரண்டு வாய்ப்பு: கூடுதல் டீசல் வரவில்லை, அல்லது டிஓசி வேலை செய்யவில்லை. முனையில் வெள்ளைப் புகையும் டீசல் நாற்றமும் இருந்தால் டீசல் வருகிறது, எரியவில்லை என்று அர்த்தம். புகைக்குழாயில் தனி டீசல் நாசில் உள்ள லாரிகளில் அந்த நாசில் முனை கரிபிடித்து அடைவது மிகவும் சாதாரணம்.

டிஓசியின் முகத்தைப் பார்க்க, முன்பக்க வெப்ப சென்சாரைக் கழற்றி அந்தத் துளை வழியாக மெல்லிய குழாய்க் கேமராவான போரோஸ்கோப்பை விடுங்கள். நல்ல டிஓசியில் சிறு சிறு கட்டங்கள் தெளிவாகத் தெரியும். முகத்தில் கறுப்பு மெத்தை போலக் கரி மூடியிருந்தால் நீண்ட ஐடிலும் குறைந்த சூடும் காரணம். ஈரமாக, பளபளப்பாக இருந்தால் ஆயில் அல்லது எரியாத டீசல். வெளிறிய, சுண்ணாம்பு போன்ற படிவு இருந்தால் கூலன்ட் புகையோடு வந்திருக்கிறது, இஜிஆர் கூலரை அழுத்தம் கொடுத்துச் சோதியுங்கள். கூலன்ட் வந்துகொண்டிருக்கும் இன்ஜினில் புது டிஓசி மாட்டினாலும் அதுவும் போகும்.

அறிகுறி: இன்ஜின் ஆயில் மட்டம் ஏறிக்கொண்டே போகிறது

ரீஜென்னுக்கான கூடுதல் டீசலைச் சிலிண்டருக்குள்ளேயே தாமதமாகத் தெளிக்கும் வண்டிகளில், பாதியில் நிற்கும் ரீஜென்கள் டீசலை ஆயிலில் இறக்கிவிடும். டிப்ஸ்டிக் மட்டம் ஏறி, ஆயில் நீர்த்து, டீசல் மணம் வந்தால் ரீஜென்னைத் தொடராதீர்கள். ஆயிலை மாற்றிய பிறகுதான் அடுத்த வேலை. மாற்றும்போது உங்கள் இன்ஜினுக்குச் சொல்லப்பட்ட குறைந்த சாம்பல் ஆயிலையே ஊற்றுங்கள்.

டிபிஎஃப்பைக் கழற்றிப் பார்ப்பதும் சுத்தம் செய்வதும்

கழற்றும் முன் உடலில் ஒரு கோடு போட்டு, எந்தப் பக்கம் மேல், எந்தப் பக்கம் உள்வாய் என்று குறித்துக்கொள்ளுங்கள். முகக்கவசமும் கையுறையும் கட்டாயம். அந்தச் சாம்பல் சிமெண்டை விட நைசானது, மூச்சில் போகக்கூடாது. தரையில் கொட்டிய சாம்பலைக் காற்றடித்து விரட்டாதீர்கள், நுண்வடிகட்டி உள்ள வேக்குவத்தால் எடுத்து மூடிய டப்பாவில் போடுங்கள்.

முதலில் வெளிவாய்ப் பக்கத்தைப் பாருங்கள். நல்ல டிபிஎஃப்பின் வெளிவாய் முகம் பீங்கான் நிறத்திலேயே இருக்கும், கரி இருக்கவே கூடாது. அங்கே கறுப்புத் திட்டு தெரிந்தால் அதற்கு நேர் உள்ளே சுவர் உடைந்திருக்கிறது. அதைச் சுத்தம் செய்வது வீண், மாற்றத்தான் வேண்டும்.

பிறகு எடை. இது எளிய வேலைதான், ஆனால் பலரும் தவிர்க்கிறார்கள். பீங்கான் காற்றின் ஈரத்தை உறிஞ்சும், ஆகவே சுத்தம் செய்வதற்கு முன்னும் பின்னும் ஒரே அளவு வெதுவெதுப்பில், உலர்ந்த நிலையில் எடை போடுங்கள். புதிதில் இருந்த எடை உங்களிடம் இருந்தால் மிச்சம் எவ்வளவு என்று நேராகத் தெரியும்.

அடுத்தது கம்பிச் சோதனை. டிபிஎஃப்பின் குழல்கள் ஒன்றுவிட்டு ஒன்று மூடியிருக்கும், உள்வாய்க் குழலின் கடைசி முனையில்தான் சாம்பல் போய் அடையும். கூர்மையில்லாத மெல்லிய கம்பி ஒன்றை உள்வாயிலிருந்து மெதுவாக விடுங்கள், அழுத்த வேண்டாம். குழலின் முழு நீளத்துக்கும் அது எவ்வளவு குறைவாகப் போகிறதோ அவ்வளவு ஆழத்துக்குச் சாம்பல். நடுவில், ஓரத்தில், நான்கு மூலையில் என்று பல இடத்தில் பாருங்கள். சுத்தம் செய்த பிறகு அதே இடங்களில் மறுபடி விட்டால், வேலை நடந்ததா இல்லையா என்று கம்பியே காட்டிவிடும்.

சுத்தம் செய்யும் முறை: வெளிவாயிலிருந்து உள்வாயை நோக்கி, அதாவது புகை போகும் திசைக்கு எதிராகக் காற்றடிப்பது. இதற்கென்று உள்ள மூடிய இயந்திரத்தில், கட்டுப்படுத்திய அழுத்தத்தில் செய்ய வேண்டும். கரி கெட்டியாக ஒட்டியிருந்தால் உலையில் வைத்து 600 டிகிரி வரை படிப்படியாக ஏற்றி, படிப்படியாகவே இறக்குவார்கள். இதற்குப் பல மணி நேரம் ஆகும், அவசரப்படுத்தினால் பீங்கான் விரிசல் விடும். உலைக்குப் பிறகு மறுபடி காற்று, மறுபடி எடை, மறுபடி கம்பி.

கார் கழுவும் அழுத்தத் தண்ணீரை இதன் முகத்தில் அடிப்பதைப் பார்த்தால் எனக்கு மனம் பதறும். தண்ணீர் சாம்பலைக் குழைத்து முனையில் இறுக்கிவிடும், மேலே உள்ள பிளாட்டினப் பூச்சும் உரியும். அமிலம், பெட்ரோல், அடுப்பு துடைக்கும் திரவம் எதுவும் வேண்டாம். தண்ணீரால் சுத்தம் செய்யும் முறையும் இருக்கிறது, ஆனால் அது அதற்கான இயந்திரமும் முழுமையான உலர்த்தலும் உள்ள இடத்தில் நடக்க வேண்டிய வேலை.

அறிகுறி: புகைக்குழாய் முனையில் கரி ஒட்டுகிறது

டிபிஎஃப் உள்ள வண்டியின் முனையை வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி கிட்டத்தட்ட வெள்ளையாகவே இருக்க வேண்டும். கறுத்தால் உள்ளே உடைந்திருக்கிறது, அல்லது யாரோ உள்ளே இருந்ததை எடுத்துவிட்டார்கள். பி2002 கோடு கூடவே வரலாம்.

அறிகுறி: டோசரைச் சுற்றி வெள்ளைப் படிகம், எஸ்சிஆர் பக்கம் அடைப்பு

ஆட்புளூவில் 32.5 சதவீதம் யூரியா, மீதி கனிமம் நீக்கிய தண்ணீர். சூடான புகையில் விழுந்ததும் தண்ணீர் ஆவியாகி, யூரியா பிரிந்து அம்மோனியா வர வேண்டும். புகை போதிய சூட்டில் இல்லாவிட்டால், அல்லது தெளிப்பு தூவலாக இல்லாமல் சொட்டாக விழுந்தால், யூரியா சுவரில் ஒட்டி வேறு பொருளாக மாறிக் கல்லாகிவிடும்.

படிகம் எங்கே இருக்கிறது என்பதே பாதி நோயறிதல். டோசரின் அடியில், வெளிப்பக்கம் வெள்ளைத் தடம் வழிந்திருந்தால் கேஸ்கெட் கசிகிறது. குழாய் இணைப்பில் இருந்தால் ஓ-ரிங். டோசர் முனையிலும், எதிர்ச் சுவரிலும் கட்டி இருந்தால் தெளிப்புக் கோளாறு, அல்லது வண்டி எப்போதும் குறைந்த சூட்டில் ஓடுகிறது. டோசரைக் குளிரவைக்கும் கூலன்ட் ஓட்டம் அடைத்திருந்தாலும் முனை வெந்து கட்டி பிடிக்கும்.

புதிய படிகம் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைந்துவிடும். டோசரைக் கழற்றி, முனை மட்டும் மூழ்கும்படி கனிமம் நீக்கிய தண்ணீரில் ஊறவையுங்கள். மின் இணைப்பில் தண்ணீர் படக்கூடாது. கம்பி பிரஷ்ஷோ ஊசியோ துளைக்குள் விட வேண்டாம், துளை ஒரு மயிரிழை பெரிதானாலும் தெளிப்பு கெடும். ஊறியும் கரையாத, பீங்கான் துண்டு போன்ற கெட்டிப் படிவு சூட்டில் வெந்த பொருள், அது தண்ணீருக்கு மசியாது. ஸ்கேனரில் எஸ்சிஆர் சூடேற்றும் ரீஜென் இருந்தால் அதை ஓட்டுங்கள், பெரிய கட்டியாக இருந்தால் கழற்றி எடுக்கத்தான் வேண்டும்.

மாட்டும் முன் டோசரை அளவு ஜாடிக்குள் தெளிக்கவிட்டுச் சோதியுங்கள். ஸ்கேனரில் இந்தச் சோதனை இருக்கும். எத்தனை மில்லி வர வேண்டும் என்பது மேனுவலில் உண்டு. அளவோடு வடிவத்தையும் பாருங்கள்: நைசான தூவல் விரிய வேண்டும், நின்ற பிறகு ஒரு சொட்டும் விழக்கூடாது.

அறிகுறி: எஸ்சிஆர் திறன் குறைவு என்ற கோடு, பி20இஇ

இந்தக் கோடு வந்ததும் விலை உயர்ந்த எஸ்சிஆரையே மாற்றச் சொல்லிவிடுகிறார்கள். வரிசையாகப் போங்கள். முதலில் தொட்டியில் உள்ள திரவம். யூரியா சதவீதத்தை அளக்கும், ஆட்புளூவுக்கான ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு வைத்தால் 32.5ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தால் டீசல் கலந்திருக்கிறது, ரப்பர் பாகங்கள் ஊதிப்போகும், முழு அமைப்பையும் பார்க்க வேண்டும். சூட்டில் வைத்த ஆட்புளூ கெடும்: 25 டிகிரியில் 18 மாதம் தாங்குவது 35 டிகிரியில் 6 மாதம்தான்.

அடுத்தது நாக்ஸ் சென்சார்கள். குளிர்ந்த இன்ஜினில் இவை எண் காட்டாது. உள்ளே ஈரம் இருக்கும்போது சூடேற்றினால் பீங்கான் வெடிக்கும் என்பதால் புகை காயும் வரை காத்திருக்கும். ஆகவே நன்றாக ஓட்டிச் சூடாக்கிய பிறகு பாருங்கள். உள்ளே 600 பிபிஎம், வெளியே 60 என்றால் திறன் 90 சதவீதம். தெளிப்பைச் சிறிது நேரம் நிறுத்தினால், எஸ்சிஆரில் சேர்ந்திருந்த அம்மோனியா தீர்ந்ததும் இரண்டு சென்சாரும் ஒரே எண்ணை நெருங்க வேண்டும். நெருங்காவிட்டால் ஒன்று பொய் சொல்கிறது.

பின் சென்சார் அம்மோனியாவையும் நைட்ரஜன் ஆக்சைடாகவே எண்ணிவிடும் என்பதை மனதில் வையுங்கள். ஆட்புளூ குறைந்தாலும் அதே கோடு, கூடினாலும் அதே கோடு. தெளிப்பை ஏற்றும்போது பின் சென்சார் எண் இறங்கினால் இதுவரை குறைவாக வந்திருக்கிறது. ஏறினால் அம்மோனியா மிஞ்சி வெளியேறுகிறது, முனையில் மூக்கைத் துளைக்கும் வாடையும் இருக்கும். டோசர் கசிவு, உள்ளே கிடக்கும் யூரியா கட்டி, முன் சென்சாரின் தவறான எண், இவை மூன்றையும் பார்த்துவிட்டு, கடைசியாகத்தான் எஸ்சிஆரை.

மாட்டிய பிறகு

கேஸ்கெட்டும் கிளாம்பும் புதிது போடுங்கள். பழையதை இறுக்கினால் கசியும், கசிவு வழியே காற்று புகுந்தால் சென்சார் எண்கள் எல்லாம் மாறும். அம்புக்குறி புகை போகும் திசையில் இருக்கட்டும். வெப்ப சென்சார் மரையில் மட்டும் நிக்கல் பசை, முனையில் வேண்டாம். சாம்பல் கணக்கை ஸ்கேனரில் பூஜ்யமாக்குங்கள், இல்லையென்றால் கணினி பழைய கணக்கிலேயே போகும். அழுத்த சென்சார் மாற்றியிருந்தால் அதற்கும் புதிதாகக் கற்பிக்க வேண்டும். சுமையோடு அரை மணி நேரம் ஓட்டி வந்து, அழுத்த வேறுபாட்டை ஐடிலிலும் 2500 ஆர்பிஎம்மிலும் எழுதி, தேதியோடு வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை விளக்கு எரியும்போது ஒப்பிட்டுப் பார்க்க அந்த இரண்டு எண்கள் வேண்டும்.